புகையில்லாக் கரிக்கு எதற்குத் தனிக் குழாய்?

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் வடகிழக்கே ஸ்க்ரான்டன், வில்க்ஸ்-பேரி, ஹேசல்டன் வட்டாரத்தில் இன்றும் பல வீடுகள் பனிக்காலத்துக்கு நிலக்கரி வாங்கி இறக்குகின்றன. உள்ளூர்ச் சுரங்கத்து ஆந்த்ரசைட் கரி. கல்லாய்க் கெட்டியானது, பளபளப்பானது, கையில் கரி அதிகம் ஒட்டாது. ஊதுலைக்காற்று இல்லாமல் இது எரியாது என்றே வெகுகாலம் நினைத்திருந்தார்கள். 1808 பிப்ரவரி 11 அன்று வில்க்ஸ்-பேரியில் ஜெஸ்ஸி ஃபெல் தம் வீட்டுக் கணப்பில் இரும்புக் கம்பித் தட்டு வைத்து இதை எரித்துக் காட்டினார். கீழிருந்து காற்று ஏற வேண்டும், மேலே புகைபோக்கி நன்றாக இழுக்க வேண்டும்; இரண்டும் அமைந்தால் கரி தானே எரியும்.

திறந்த கணப்பில் ஒரு குறை. சூட்டின் பெரும்பகுதி புகைபோக்கி வழியே வானத்துக்குப் போய்விடும். 1970களில் எண்ணெய் விலை ஏறியபோது, கணப்பின் வாய்க்குள்ளேயே மூடிய இரும்பு அடுப்பைச் செருகும் வழக்கம் பரவியது. நல்ல யோசனைதான். ஆனால் பல வீடுகளில் அடுப்பை உள்ளே தள்ளி, சுற்றிலும் தகடு அடித்து மறைத்ததோடு வேலையை முடித்துவிட்டார்கள். அடுப்பிலிருந்து வரும் வாயு செங்கல் கூண்டுக்குள் தன்போக்கில் அலைந்து வழி தேடிக்கொள்ளட்டும் என்று விட்டார்கள். இதைத்தான் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கணக்கைப் பாருங்கள். அடுப்பிலிருந்து வாயு வெளியேறும் 6 அங்குல வட்டக் குழாயின் வாய்ப்பரப்பு சுமார் 28 சதுர அங்குலம். பழைய புகைபோக்கியின் உள்வாய் 12 அங்குலச் சதுரமாக இருந்தால் 144. ஐந்து மடங்குக்கும் மேல். அவ்வளவு அகலத்தில் வாயு பரவி, குளிர்ந்த செங்கல்லிடம் சூட்டைப் பறிகொடுத்து, மேலேறும் வேகத்தை இழக்கும். அமெரிக்கத் தேசியத் தீத்தடுப்புச் சங்கத்தின் 211ஆம் எண் தரவிதி, புகைபோக்கியின் பரப்பு அடுப்பின் புகைவாயைப் போல மூன்று மடங்கைத் தாண்டக் கூடாது என்கிறது. வெளிச்சுவராக நின்று குளிரில் நனையும் புகைபோக்கியானால் இரண்டே மடங்கு.

விறகு என்றால் இழுப்பு குறைந்தவுடன் அறை முழுக்கப் புகை சூழ்ந்து கண் எரியும், உடனே தெரிந்துவிடும். ஆந்த்ரசைட் புகைவதே அரிது. அது விடும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆகவே அடுப்பின் புகைவாயிலிருந்து கூரைக்கு மேல் வரை இடையில் எங்கும் விடுபடாத ஒரே உலோகக் குழாய் வேண்டும். புகைபோக்கியின் குறுகிய தொண்டைப் பகுதியில் வழிமறிக்கும் பழைய டாம்பர் தகட்டை எடுத்துவிட்டு, அங்கே மட்டும் நீள்வட்டக் குழாய் போடுவார்கள். குழாயைச் சுற்றி மிஞ்சும் இடைவெளியை இரும்புத் தகட்டால் அடைத்து, மேலே தீப்பிடிக்காத கனிமப் பஞ்சு வைத்தால் சூடு அறைக்குள்ளேயே நிற்கும்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றால் எல்லாம் ஒன்றல்ல. கரியில் கந்தகம் உண்டு. அதன் எச்சம் குழாயில் படிந்து, கோடை ஈரத்தோடு சேர்ந்தால் அமிலமாகி உலோகத்தைத் தின்னும். 304 ரகம் சீக்கிரம் ஓட்டையாகிவிடும். 316 அல்லது அதற்கும் மேலான ரகமே வேண்டும். தயாரிப்பாளர் அதைக் கரிக்கென்றே அனுமதித்திருக்கிறாரா என்பதையும் பார்த்து வாங்க வேண்டும். அதிலும் காசை மிச்சம் பிடிப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பதைக்கிறது.

கரி போடுவதிலும் பக்குவம் இருக்கிறது. புதுக் கரியைக் கொட்டித் தணல் முழுவதையும் மூடிவிடக் கூடாது. ஒரு மூலையில் கனல் திறந்து தெரிய வேண்டும். சிறிது நேரத்தில் அந்த மூலையிலிருந்து நீல நாக்குகள் கிளம்பி, கரிமேல் தாவித் தாவி ஆடும். வாயு பற்றிக்கொண்டது என்று அர்த்தம். முழுக்க மூடிவிட்டால் வாயு உள்ளேயே சேர்ந்து, பிறகு ஒரேயடியாகப் பற்றி அடுப்புக் கதவை உதறும்.

மெல்லிய பறக்கும் சாம்பல் குழாயின் வளைவில் படியும். செருகு அடுப்பில் அந்த வளைவு கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. இழுப்பு மெல்ல மெல்லக் குறைவதை யாரும் கவனிப்பதில்லை. அழுத்தமானி பொருத்தி வைத்தால், எவ்வளவு இழுக்கிறது என்று நாள்தோறும் பார்க்கலாம். கையால் கரி போடும் பல அடுப்புகளுக்கு 0.04 முதல் 0.06 அங்குல நீரழுத்தம் போதும். படுக்கையறைப் பக்கம் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி கட்டாயம்.

வசந்தம் வந்து வெளியே வெதுவெதுப்பானால் இழுப்பு தளரும். நெருப்பைச் சிறிதாக்கிக் காலம் தள்ளாமல் அப்போதே அணைத்துவிட வேண்டும். கோடை ஈரம் ஏறுமுன் அடுப்பை முன்னே இழுத்து, குழாயைக் கழற்றி, தூரிகை விட்டு மேலிருந்து கீழ்வரை துலக்கிவிட வேண்டும்.