மோட்டிவேஷன் மீட்டிங் முடிஞ்சதும் ஏறும் சேல்ஸ்... மாசக் கடைசியில் ஏன் இறங்குது?

ஹோட்டல் ஹாலில் விற்பனை மாநாடு. விருது, விசில், அனல் பறக்கும் பேச்சு. ஆனால் சில வாரங்களில் டீம் பழைய நிலைக்கே வந்துவிடுகிறது. ஏன்?

மறதி: ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ், அர்த்தமில்லாத அசைகளை மனப்பாடம் செய்து தன்னையே சோதித்தார். 1885-ல் வெளியான அந்த ஆய்வில், ஒரு நாள் கழித்து மனதில் தங்கியது சுமார் மூன்றில் ஒரு பங்குதான். இடைவெளி விட்டுத் திரும்பப் படித்தால் நன்றாகப் பதியும் என்றும் கண்டார்.

பயிற்சி இல்லாமை: 'விலை ஜாஸ்தியா இருக்கே' என்று வாடிக்கையாளர் சொன்னால் என்ன பதில் சொல்வது? கைதட்டல் அதைச் சொல்லித் தராது. பழகினால்தான் வரும்.

அப்போ மாநாடு வேஸ்ட்டா? இல்லை. அது தொடக்கம். அதன் பிறகு என்ன செய்யணும்?

* வாரம் அரை மணி நேரம், ஒரே ஒரு திறமை. ஒருவர் வாடிக்கையாளராக நடிக்க, இன்னொருவர் பேசிப் பழகலாம்.
* மேலாளர் அவ்வப்போது கூடவே ஃபீல்டுக்குப் போய், பார்த்ததை அன்றே சொல்லித் திருத்தணும்.
* 'மீட்டிங் பிடிச்சுதா?' என்று மட்டும் கேட்காமல், வேலை செய்யும் விதம் மாறியதா என்று பார்க்கணும்.

இதைச் செய்யாமல் டார்கெட்டை மட்டும் ஏற்றினால், இன்சென்டிவ் இழப்பது ஊழியர்தான்.