கேள்வி கேட்கவும் அனுமதி வேண்டும்!

ஆராய்ச்சி மாணவர்கள் எந்தப் பாரத்தை எழுத வேண்டும்?

கார், லாரி, மோட்டார் சைக்கிள், டயர் - இத்தனையும் உற்பத்தியாகும் இடம் ஒரகடம். ஸ்ரீபெரும்புதூர் வட்டாரம் முழுவதும் தொழிற்சாலைகள். வேலைக்கு வந்தவர்கள் பல ஊர்க்காரர்கள், பல மாநிலத்துக்காரர்கள். வெளியூர்ப் பெண்கள் ஆயிரக்கணக்கில் விடுதிகளில் தங்கியிருக்கிறார்கள்.

இந்தத் தொழிலாளர்களின் உடல்நலம் பற்றி ஒரு கல்லூரி மாணவி ஆராய்ச்சி செய்யப் போகிறாள் என்று வைத்துக்கொள்வோம்.

"இரவு ஷிப்டு முடிந்து எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள்? விடுதிச் சாப்பாடு எப்படி? இடுப்பு வலி உண்டா?" இவைதான் அவள் கேட்கப் போகும் கேள்விகள்.

ஊசி இல்லை. மருந்து இல்லை. வாயால் கேட்கும் கேள்விதானே, இதற்கு எதற்கு அனுமதி?

பதிலில் இருக்கும் ஆபத்து

"சாப்பாடு சரியில்லை" என்று ஒரு தொழிலாளி சொல்கிறார். சொன்னது யார் என்று மேலாளருக்குத் தெரிந்துவிட்டால் என்ன ஆகும்? அவருடைய வேலைக்கே ஆபத்து வரலாம்.

இது வெறும் கற்பனை அல்ல. சாப்பாடு இங்கே பெரிய பிரச்சினையாகவே வெடித்தது. 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாட்டால் பெண் தொழிலாளர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள். மற்ற பெண்கள் சென்னை - பெங்களூர் நெடுஞ்சாலையில் மறியல் செய்தார்கள்.

ஆகவே, இப்படிப்பட்ட ஆராய்ச்சி அவசியம்தான். ஆனால் பதில் சொன்னவருக்குத் தீங்கு வரக்கூடாது. அதைக் கவனிப்பதற்காக ஏற்பட்டதே நெறிமுறைக் குழு.

குழுவில் யார் யார்?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2017-ல் வெளியிட்ட வழிகாட்டி விதிகள்படி, குழுவில் 7 முதல் 15 பேர் வரை இருப்பார்கள். டாக்டர், சட்டம் தெரிந்தவர், சமூகவியல் அறிந்தவர் ஆகியோருடன் சாதாரணப் பொதுமக்களில் ஒருவரும் உண்டு. தலைவர் வெளியாளாக இருக்க வேண்டும். "நம் கல்லூரி, நம் பிள்ளை" என்று கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு.

இந்தக் குழுவுக்கு எழுத வேண்டிய பாரம் ஒன்றல்ல, பல. புதிய ஆராய்ச்சி தொடங்குகிறவர்கள் முக்கியமாகப் பார்க்க வேண்டியவை மூன்று வழிகள்.

மூன்று வழிகள்

முதல் வழி, விலக்கு கேட்பது. அரசு அச்சிட்டு வெளியிட்ட புள்ளிவிவரங்களை மட்டும் வைத்து எழுதும் ஆராய்ச்சி இந்த வகை. எந்த மனிதருடைய பெயரும் இதில் வராது.

இரண்டாவது, விரைவுப் பரிசீலனை. பெயர், விலாசம் நீக்கப்பட்ட ஆஸ்பத்திரிப் பதிவேடுகளைப் படித்து ஆராய்வது போன்ற, ஆபத்து மிகக் குறைந்த வேலைகளுக்கு இது. குழுவில் சிலர் மட்டும் படித்துப் பார்த்து முடிவு சொல்வார்கள்.

மூன்றாவது, முழுக்குழுப் பரிசீலனை. எல்லா உறுப்பினர்களுக்கும் விவரம் அனுப்பி, கூட்டம் போட்டு விவாதிப்பார்கள். நாள் பிடிக்கும்.

நம் மாணவிக்கு எது பொருந்தும்?

"கேள்விதானே கேட்கிறேன், விரைவுப் பாரம் போதும்" என்று அவள் நினைக்கலாம். தேர்வு நெருங்குகிறது, அவசரம்! ஆனால் அது சரியல்ல.

முதலாளியிடம் வேலை செய்பவர், ஆசிரியரிடம் படிக்கும் மாணவர் போன்றவர்கள் "முடியாது" என்று சொல்லத் தயங்குவார்கள். எளிதில் பாதிப்புக்கு உள்ளாகக்கூடியவர்கள் என்று வழிகாட்டி விதிகள் இவர்களைத் தனியாகக் குறிப்பிடுகின்றன. இவர்களை வைத்துச் செய்யும் ஆராய்ச்சியில் ஆபத்து சிறிதாக இருந்தாலும் முழுக்குழு பார்க்க வேண்டும் என்பது விதி.

என்ன கேட்கிறோம் என்பதை மட்டும் பார்த்தால் போதாது. யாரிடம் கேட்கிறோம் என்பதையும் பார்த்துத்தான் பாரத்தை எடுக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் குழுவின் செயலாளரைக் கேட்கலாம். விலக்கு உண்டா இல்லையா என்பதை முடிவு செய்வது குழுதான். மாணவர் தாமே முடிவு செய்துகொள்ளக் கூடாது. அனுமதி வந்த பிறகே ஆராய்ச்சி தொடங்க வேண்டும். நடுவில் ஒரு கேள்வியைப் புதிதாகச் சேர்க்கவும் திருத்தப் பாரம் தனியாக உண்டு.

வார்டன் கையெழுத்து செல்லாது!

விண்ணப்பத்தோடு ஒப்புதல் பாரத்தின் மாதிரியையும் இணைக்க வேண்டும். ஆராய்ச்சியில் சேர்கிறவர் கையெழுத்துப் போடும் தாள் அது.

2009-ல் ஆந்திராவின் கம்மம் மாவட்டத்தில் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி பற்றி ஓர் ஆய்வு நடந்தது. விடுதியில் தங்கிப் படித்த சிறுமிகள் பலருக்குப் பெற்றோருக்குப் பதிலாக வார்டன்களும் தலைமை ஆசிரியர்களும் ஒப்புதல் பாரத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். 2010-ல் ஆய்வு நிறுத்தப்பட்டது. 2013-ல் நாடாளுமன்றக் குழு இதைக் கடுமையாகக் கண்டித்தது. அந்தத் தடுப்பூசி உலகின் பல நாடுகளில் போடப்பட்டு வருகிறது. இங்கே கேள்விக்கு உள்ளானது ஒப்புதல் வாங்கிய முறை.

ஒரகடம் விடுதிகளுக்கும் இந்தப் பாடம் பொருந்தும். உள்ளே நுழைய வார்டனின் அனுமதி தேவைப்படலாம். ஆனால் அங்கே தங்கியிருக்கும் பெண்ணின் சம்மதத்தை அந்தப் பெண்தான் தர வேண்டும். தொழிற்சாலை தரமுடியாது.

உங்களிடம் யாராவது வந்தால்...

உங்கள் வீட்டிலோ, உங்கள் மகள் தங்கியிருக்கும் விடுதியிலோ யாராவது ஆராய்ச்சி என்று வந்தால், இவற்றைக் கேளுங்கள்:

எந்தக் கல்லூரி? நெறிமுறைக் குழு அனுமதி கொடுத்திருக்கிறதா?

என் பெயர் வெளியே தெரியுமா? என் பதில்களை யார் பார்ப்பார்கள்?

நடுவில் விலகிக்கொள்ளலாமா? (தாராளமாக விலகலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை.)

பாரம் உங்களுக்குத் தெரிந்த மொழியில் இருக்க வேண்டும். ஒடிசாக்காரருக்குத் தமிழ்ப் பாரம் கொடுத்துப் பயன் இல்லை. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு முழுவதும் படித்துக் காட்ட வேண்டும். ஆராய்ச்சியில் சம்பந்தம் இல்லாத ஒருவர் சாட்சியாக இருந்து பார்த்த பிறகே கைநாட்டு வைக்க வேண்டும்.

கையெழுத்துப் போட்டதும் ஒரு பிரதி உங்களுக்குத் தர வேண்டும். மறக்காமல் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.