'நைசு' என்னும் சொல்லின் பொருட்போக்கு

பிறமொழிச் சொல் ஒன்று தமிழ் வழக்கிற் புகுங்கால் தன் பொருள் முழுவதையும் உடன்கொண்டு வருவதில்லை. வழங்குவோர்க்கு வேண்டிய பகுதியே நிலைபெறுகின்றது. இதற்கு 'நைசு' தக்க சான்றாகும்.

இதன் மூலம் 'அறியாத' எனப் பொருள்படும் 'நெஸ்கியுஸ்' என்னும் இலத்தீன் சொல்லாகும். பழைய பிரெஞ்சில் அது பேதைமையைக் குறித்தது. அவ்வழி ஆங்கிலத்தை அடைந்து, நுண்மை, துல்லியம் முதலிய பொருள்களை ஏற்று, 18ஆம் நூற்றாண்டில் 'இனிய' என்னும் பொதுப்பொருளை எய்தியது. கண்டதற்கெல்லாம் இவ்வடையை வழங்கும் போக்கினை, 1817ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த 'நார்தாங்கர் அபி' என்னும் புதினத்தில் ஜேன் ஆஸ்டின் எள்ளி நகையாடியுள்ளார்.

புதுவை முதலியார்பேட்டையிலும் பிற தமிழூர்களிலும் இச்சொல் வழங்குமாறு காண்போம். 'மாவை நைசாக அரை' என்புழி நுண்மையும், 'நைசான துணி' என்புழி மென்மையும் பொருளாம். 'நைசாகப் பேசி வாங்கிவிட்டான்' என்பது சூழ்ச்சியையும், 'நைசாக நழுவினான்' என்பது பிறர் அறியாமற் செய்தலையும் உணர்த்தும். பின்னைய இரண்டும் தமிழில் விளைந்தவை. வழவழப்பானது தடையின்றி நழுவும். அவ்வியல்பே பேச்சிற்கும் செயலுக்கும் ஏறிற்று. ஆங்கிலத்தில் அடையாய் நின்ற சொல், தமிழிற் பெயரடியாகக் கொள்ளப்பட்டு 'ஆன', 'ஆக' என்பவற்றை ஏற்றமையும் நோக்கத்தக்கது.

'சொல்தா', 'மேரி' போலப் புதுவைக்குப் பிரெஞ்சு தந்த சொல்லோ இது எனின், அன்று. பிரெஞ்சு ஒலிமரபில் இவ்வெழுத்துக்கோவை 'நீஸ்' என ஒலிக்கும். அந்நாட்டு நகரொன்றின் பெயரே சான்று. ஐகார ஒலி ஆங்கிலவழியைக் காட்டுகின்றது. 1898இல் முதலியார்பேட்டையில் தோன்றி 2020இல் மூடப்பட்ட ஆங்கிலோ-பிரெஞ்சு நெசவாலை இதனைப் பரப்பியது எனலும் பொருந்தாது. தமிழகமெங்கும் இதே வழக்கு உண்மையின்.

'நை' என்னும் வினையடியாற் பிறந்த தமிழ்ச்சொல் இது எனத் துணிதலும் கூடாது. ஒலியொப்புமை ஒன்றே பிறப்பினை நாட்டாது. இறுதிச் சுகரத்திற்கு அவ்வடி விளக்கம் தாராது. பொருளால் இதனை ஒப்பது 'நயம்' என்பதே. 'நயமாகப் பேசினான்' என்பதில் இனிமை, சூழ்ச்சி இரண்டும் அடங்கும்.

இவ்வாராய்ச்சியின் பயன் மொழிபெயர்ப்பில் விளங்கும். 'வேறுபாடு' என்பதற்கு அடையாக இவ்வாங்கிலச்சொல் வருமிடத்து 'நல்ல வேறுபாடு' எனப் பெயர்த்தல் பிழை. 'நுண்ணிய வேறுபாடு' என்பதே உரியது. அகராதியில் முதற்பொருளை மட்டும் கண்ட மாணவர் தவறுமிடத்தில், மாவரைப்போர் வழக்கு மெய்ப்பொருளைக் காட்டிநிற்கின்றது. எனவே, பேச்சுவழக்கினை இழிவழக்கு எனத் தள்ளாது தொகுத்து ஆராய்தல் அகராதி செய்வோர் கடனாகும்.