விறகை மொத்தமாக வாங்குமுன் ஒரு கணக்கு



டிசம்பரும் ஜனவரியும் வந்துவிட்டால் உதகையில் விடிகாலைப் புல்வெளியெல்லாம் உறைபனி. அந்த நேரத்தில் நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வரும் மனுக்களில் கம்பளி கேட்பவை பாதி, விறகுக்குப் பணம் கேட்பவை மீதி. சமையலுக்கு எல்லார் வீட்டிலும் கேஸ் வந்துவிட்டது உண்மைதான். ஆனால் 14.2 கிலோ சிலிண்டரில் ஐந்து பேருக்குக் குளிக்கத் தண்ணீரும் காய்ச்சினால் மாதக் கடைசி வரை அது தாங்காது. கீசர் வாங்கலாம் என்றால், லைன் வீடுகளில் உள்ள பழைய ஒயரிங் அந்தச் சுமையைத் தாங்காது. ஆகவே தண்ணீர் பாய்லருக்கும் மாலை நேரக் கணப்புக்கும் இன்றும் விறகுதான்.

இதில் ஒரு பழைய கதையும் உண்டு. நம்மைச் சுற்றி நிற்கும் கற்பூர மரமும் சீகை மரமும் இந்த மலையில் தானாக முளைத்தவை அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெள்ளையர்கள் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து நட்டவை. ஊர் பெருகப் பெருகச் சோலைக் காடுகள் அடுப்புக்குப் போய்க்கொண்டிருந்தன. விறகுத் தட்டுப்பாட்டைத் தீர்க்க வேகமாக வளரும் மரம் வேண்டியிருந்தது. அந்த மரங்களைத்தான் நாம் இன்றும் எரித்துக்கொண்டிருக்கிறோம்.

இனி செலவுக்கு வருவோம். விலை இடத்துக்கு இடம், மாதத்துக்கு மாதம் மாறும். கீழே உள்ள தொகைகள் கணக்கு விளங்குவதற்காக மட்டுமே. பாய்லருக்கும் கணப்புக்குமாக ஒரு வீட்டுக்கு நாளொன்றுக்கு 5 கிலோ காய்ந்த விறகு என்று வைத்துக்கொள்வோம். ஜூன் முதல் ஜனவரி வரை எட்டு மாதம், ஏறத்தாழ 240 நாள். மொத்தம் 1,200 கிலோ. கடையில் அன்றன்று கட்டாக வாங்குபவருக்குக் கிலோ 14 ரூபாய் விழுந்தால் 16,800 ரூபாய் ஆகிறது. லோடாக எடுத்துப் பங்கிட்டால் கிலோ 9 ரூபாய்க்குக் கிடைக்கும் என்றால் 10,800 ரூபாய். வித்தியாசம் 6,000 ரூபாய். கையில் பத்தாயிரம் இருப்பவருக்கு இந்த ஆறாயிரம் மிச்சம். தினக்கூலியில் அன்றாடம் 70 ரூபாய்க்கு விறகு வாங்குபவருக்கு இது நஷ்டம். இல்லாதவர்தான் கூடுதல் விலை கொடுக்கிறார். ஆகவேதான் கூட்டாக வாங்குவோம் என்று கிளம்பினோம். கிளம்பியதில் சரியாக ஒரு தவறும் செய்தோம். அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்வது நேர்மையாகாது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஏப்ரல் மாதம், கோடை மழை இரண்டு மூன்று பெய்து ஓய்ந்த சமயம், 8 டன் கற்பூர மர விறகு ஒரே லாரியில் இறக்கினோம். அப்போதுதான் வெட்டிய மரம். விலை மலிவு என்று எங்களுக்கு மகிழ்ச்சி. பிளந்து கொட்டகையில் அடுக்கினோம். நாற்பது குடும்பங்கள், குடும்பத்துக்கு 200 கிலோ. கணக்கு மிகச் சரியாக இருந்தது. ஜூன் தொடக்கத்தில் தராசு வைத்துப் பங்கிட்டோம். முப்பத்திரண்டு குடும்பங்களுக்குக் கொடுத்ததும் கொட்டகை காலி. எட்டுக் குடும்பத்தார் சாக்கோடு நிற்கிறார்கள்.

கொட்டகையின் சாவி ஒரு இளைஞரிடம் இருந்தது. யாரும் வாய்விட்டு எதுவும் சொல்லவில்லை, ஆனால் எல்லார் பார்வையும் அவர் பக்கம் திரும்பியது. செயலாளர் என்ற முறையில் நானும் "இராத்திரியில் யாராவது வந்தார்களா தம்பி?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

தேயிலைத் தொழிற்சாலையில் பல ஆண்டுகள் விறகு அடுப்புப் பக்கம் வேலை பார்த்த பெரியவர் ஒருவர் நம் மஹல்லாவில் இருக்கிறார். அவர் என்னைத் தனியே அழைத்து, "களவு போனது விறகு இல்லை ஹஜ்ரத், தண்ணீர். அது காற்றோடு போயிருக்கிறது" என்றார். நான் நம்பவில்லை. அவர் சொன்னபடியே பச்சை மரத்தில் பிளந்த துண்டு ஒன்றைச் சரியாக ஒரு கிலோ நிறுத்து, வீட்டு பாய்லர் பக்கத்தில் வைத்தேன். பத்து நாள் கழித்து அதே தராசில் 560 கிராம்.

அந்த இளைஞர் வீட்டுக்குச் சென்று மன்னிப்புக் கேட்டேன். சாவியைத் திரும்ப வாங்கிக்கொள்ள அவருக்கு இன்னும் ஒரு மாதம் ஆயிற்று. விடுபட்ட எட்டுக் குடும்பங்களுக்கும் கடை விலையில் விறகு வாங்கிக் கொடுத்தோம்.

புதிதாக வெட்டிய மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். நன்றாகக் காய்ந்த விறகிலும் ஐந்தில் ஒரு பங்கு இருக்கும். ஆயிரம் கிலோ பச்சை விறகு வாங்கினால் அதில் மரம் 500 கிலோ. அது காய்ந்து, ஐந்தில் ஒரு பங்கு மட்டும் தண்ணீர் மிஞ்சும் நிலைக்கு வரும்போது எடை 625 கிலோ. கிலோ 6 ரூபாய் என்று நீங்கள் கொடுத்த 6,000 ரூபாயை 625 ஆல் வகுத்துப் பாருங்கள்: 9 ரூபாய் 60 காசு. பக்கத்துக் கடையில் காய்ந்தது 9 ரூபாய்க்குக் கிடைத்தால் அதுவே மலிவு. சுருக்கமாக, பச்சை விறகு விலையை 1.6 ஆல் பெருக்கி, அதைக் காய்ந்த விறகு விலையோடு ஒப்பிடுங்கள். பெருக்கி வந்தது குறைவாக இருந்து, காயவைக்க இடமும் மூன்று நான்கு மாத அவகாசமும் இருந்தால் மட்டும் பச்சையை வாங்குங்கள்.

"ஈரமாகவே எரித்தால் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. ஈர விறகு முதலில் தன் தண்ணீரை ஆவியாக்கிய பிறகுதான் உங்கள் தண்ணீரைச் சூடாக்கும். ஒரு கிலோ காய்ந்த விறகு தரும் சூட்டில் ஏறக்குறைய பாதிதான் பச்சை விறகில் கிடைக்கும். மிச்சம் புகையாகப் புகைக்குழாயில் கரியாகப் படிகிறது, வீட்டுப் பெண்களின் நெஞ்சிலும் படிகிறது.

காய்ந்த விறகை அடையாளம் காண்பது கடினமில்லை. வெட்டு முகத்தில் நடுவிலிருந்து ஓரம் நோக்கி வெடிப்பு ஓடியிருக்கும். பட்டை விரலால் இழுத்தாலே உரியும். இரண்டு துண்டுகளை ஒன்றோடொன்று தட்டினால் 'டங்' என்று கேட்கும். பச்சை விறகு மந்தமாக 'தொப்' என்னும். எரிக்கும்போது முனையில் நுரை கக்கிச் சீறினால் ஈரம் போகவில்லை என்று பொருள். லோடின் மேல் அடுக்கை மட்டும் பார்த்துத் தலையாட்டாதீர்கள். நடுவிலிருந்து நாலு துண்டு இழுத்துப் பாருங்கள், ஒன்றைப் பிளந்தும் பாருங்கள்.

மர வகையில் என் விருப்பம் சீகைதான். நின்று எரியும், தணலும் நன்றாக விழும். கற்பூர மரமும் நல்ல சூடு தரும், ஆனால் காய்ந்தபின் கோடரிக்கு மசியாது. பச்சையிலேயே பிளந்துவிட வேண்டும். சில்வர் ஓக் சீக்கிரம் எரிந்து தீரும். கவாத்து வெட்டிய தேயிலை மிலார் பற்றவைக்க அருமை. எந்த மரமானாலும் அது எங்கே வெட்டியது என்று கேளுங்கள். 1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி இங்கே பட்டா நிலத்து மரத்தை வெட்டவும் அனுமதி வேண்டும். காகிதம் காட்டாத விறகு எவ்வளவு மலிவானாலும் நம் கொட்டகைக்குள் வேண்டாம்.

எடை மேடையில் இரண்டு சீட்டு வாங்க வேண்டும்: லோடோடு ஒன்று, இறக்கியபின் வெறும் வண்டிக்கு ஒன்று. "வண்டி எடை எனக்குத் தெரியும்" என்ற வாய்ச்சொல்லை ஏற்க வேண்டாம். முதல் எடையில் ஓட்டுநரும் சுமைக்காரர்களும் வண்டியில் உட்கார்ந்திருந்து, இரண்டாவது எடையில் கீழே நின்றால் நாலு ஆள் எடைக்கும் நாம் விறகு விலை கொடுக்கிறோம். அளவை நிறுவையில் மார்க்கம் எவ்வளவு கண்டிப்பு என்பது மக்தபில் ஓதும் பிள்ளைக்கும் தெரியும்; அதை வாங்குபவரும் கவனித்துக் கேட்பதில் வெட்கம் இல்லை.

முன்பணம் கொடுத்து வைப்பது பற்றியும் ஒரு வார்த்தை. பணத்தை முன்னால் கொடுத்துப் பொருளைப் பின்னால் பெறும் ஸலம் வியாபாரத்தை ஃபிக்ஹ் அனுமதிக்கிறது. ஆனால் வகை, தரம், அளவு, தவணை எல்லாம் பேசித் தீர்த்திருக்க வேண்டும். மதரஸாவில் குதூரீ ஓதியபோது, விறகைக் கட்டுக் கணக்கில் ஸலம் பேசக்கூடாது என்று ஓரிடம் வந்தது. ஒரு கட்டு எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது, தகராறு வரும் என்பது காரணம். அன்று மனப்பாடம் செய்துவிட்டுப் போய்விட்டேன். கொட்டகை வாசலில் எட்டுக் குடும்பங்கள் நின்ற அன்றுதான் அது விளங்கியது. எடைக் கணக்கில் பேசினாலும் பச்சையா காய்ந்ததா என்று எழுதாவிட்டால் அதே தகராறுதானே? இது ஃபத்வா அல்ல, என் புரிதல். உலமாக்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் ஒப்பந்தக் காகிதத்தில் மர வகை, பிளந்ததா உருட்டா, காய்ந்த நிலை, எடை, இறக்கும் தேதி, இறக்கும் இடம் ஆகியவற்றை எழுதாமல் இனி நாம் ஒரு ரூபாயும் கொடுப்பதில்லை.

அடுக்குவதில் பலரும் செய்யும் தவறு, நனையக்கூடாது என்று தார்ப்பாயால் நாலு பக்கமும் மூடிக் கட்டுவது. உள்ளே ஈரம் அடைபட்டுப் பூஞ்சை பிடிக்கும். தரையிலிருந்து அரையடி உயரத்துக்குக் கல்லோ பலகையோ கொடுத்து, மேலே தகரம் போட்டு, பக்கங்களைக் காற்றுக்கு விட்டுவிடுங்கள். கூடலூர், உதகைப் பக்கம் தென்மேற்குச் சாரலும், குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்கு மழையும் அதிகம். எந்தத் திசையில் சாரல் அடிக்கிறதோ அங்கு மட்டும் மறைப்புப் போதும்.

இன்னும் ஒன்று. பணத்தை விட இது பெரிது. பாய்லரிலிருந்து அள்ளிய தணலையோ கரி அடுப்பையோ படுக்கும் அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்காதீர்கள். புகை வரவில்லையே என்று நினைக்க வேண்டாம். தணலிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. தலைவலி, கிறுகிறுப்பு, அசதி என்று தொடங்கி, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். கணப்பு மூட்டும்போது ஜன்னல் கொஞ்சம் திறந்திருக்கட்டும். படுக்குமுன் அடுப்பை வெளியே எடுத்து வைத்துவிடுங்கள். அப்படி யாராவது மயங்கிக் கிடந்தால் முதலில் வெளிக்காற்றுக்குத் தூக்கி வாருங்கள், உடனே 108-ஐ அழையுங்கள். சிறுபிள்ளைகளும் வயதானவர்களும் உள்ள வீட்டார் இதை இருமுறை படியுங்கள்.

இன்ஷா அல்லாஹ், இந்த முறை லோடு பிப்ரவரியில் இறங்கும். மழைக்கு முன் நாலு மாத வெயில் கிடைக்கும். பச்சையாக இறக்கினால் ஆளுக்கு இத்தனை கிலோ என்று முன்கூட்டியே சொல்லமாட்டோம். மே மாதக் கடைசியில் காய்ந்தபின் நிறுத்து, இருப்பதைச் சமமாகப் பங்கிடுவோம். மொத்தத் தொகை கட்ட முடியாதவர்களுக்கு வட்டியில்லாக் கடனாக அறக்கட்டளை முன்பணம் போடும். பத்து மாதத் தவணையில் திருப்பினால் போதும். ஜனவரி முடிவதற்குள் அலுவலகத்தில் பெயர் கொடுங்கள். கொட்டகையின் சாவி அதே தம்பியிடம்தான் இருக்கும்.