எலும்பு மெலிந்த தாய்மார்களே, உஷார்! இதயத்தையும் "செக்" பண்ணுங்க!

எலும்புக்கும் இதயத்துக்கும் நல்லது என்று நம்பிக் கொடுத்த மாத்திரை, கடைசியில் இதயத்துக்கே எதிரியாக முடிந்தது. நடந்த இடம் அமெரிக்கா.

மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு அங்கே பல ஆண்டுகளாக ஹார்மோன் மாத்திரை கொடுத்து வந்தார்கள். எலும்பு உடையாது, மாரடைப்பும் வராது என்பது டாக்டர்களின் நம்பிக்கை.

அது சரிதானா என்று பார்க்க 1990-களில் அரசாங்கமே ஒரு பெரிய சோதனையில் இறங்கியது. 50 முதல் 79 வயது வரை உள்ள 16,608 பெண்கள் சேர்க்கப்பட்டனர். ஏறக்குறைய பாதிப் பேருக்கு நிஜ மாத்திரை. மீதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை.

பாதியில் நிறுத்தம்

2002-ம் ஆண்டு அந்தச் சோதனை பாதியிலேயே நிறுத்தப்பட்டது!

காரணம் என்ன? ஆண்டுக்கு 10 ஆயிரம் பெண்கள் என்று கணக்கு வைத்தால், நிஜ மாத்திரை சாப்பிட்டவர்களிடம் இடுப்பு எலும்பு முறிவு 5 குறைந்திருந்தது. ஆனால் மாரடைப்பு 7, பக்கவாதம் 8, மார்பகப் புற்றுநோய் 8 கூடியிருந்தது.

எலும்பு தப்பியது. இதயம் மாட்டிக்கொண்டது!

மாதவிலக்கு நின்று நெடுநாள் கழித்து மாத்திரையைத் தொடங்கியவர்களுக்கே ஆபத்து அதிகம் என்று பிறகு தெரிய வந்தது. உடம்புச் சூடும் வியர்வையும் தாங்காமல் தவிக்கும் பெண்களுக்கு டாக்டர்கள் இன்றும் அதைக் கொடுப்பதுண்டு. மாரடைப்பைத் தடுக்க என்று கொடுப்பதில்லை.

கூட்டுக் களவாணிகள்

சினைப்பையில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன், எலும்புக்கும் ரத்தக் குழாய்க்கும் காவல்காரன் மாதிரி. மாதவிலக்கு நின்றதும் காவல் போய்விடுகிறது. எலும்பு மளமளவென்று கரைகிறது. கெட்ட கொழுப்பு ஏறுகிறது. ரத்தக் குழாய் விறைக்கிறது. அதையே மாத்திரையாகக் கொடுத்தாலோ, ரத்தம் உறைந்து அடைக்கும் ஆபத்து கூடுகிறது.

எலும்பு மெலிவும் ரத்தக்கொதிப்பும் சத்தம் போடாத திருடர்கள். உடையும் வரை எலும்பு வலிக்காது. ரத்தக்கொதிப்பும் சொல்லிக்கொண்டு வராது.

என்ன செய்யணும்?

எலும்பு ஸ்கேனில் "டி-ஸ்கோர்" மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே இருந்தால் எலும்பு தேய்மானம் என்று கணக்கு. அப்படி ரிசல்ட் வந்த பெண், கால்சியம் மாத்திரைச் சீட்டோடு வீடு திரும்பிவிடக் கூடாது. ரத்தக்கொதிப்பு, சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் கையோடு பார்த்துவிட வேண்டும். புகையிலைப் பழக்கம் இருந்தால் விட்டுத் தொலைக்கணும். தினம் அரை மணி நேரம் நடந்தால் எலும்பு, இதயம் இரண்டுக்குமே லாபம்.

முன்பு மாரடைப்போ பக்கவாதமோ வந்திருந்தால், எலும்பு டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2019-ல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்ட ரோமோசோசுமாப் என்ற எலும்பு ஊசியை, ஓராண்டுக்குள் அப்படி வந்தவர்களுக்குப் போடக் கூடாது என்று எச்சரிக்கை போட்டே விற்கிறார்கள்.

இன்னொன்று. பெண்களுக்கு மாரடைப்பு நெஞ்சுவலியாகத்தான் வரும் என்றில்லை. மூச்சு வாங்கும். தாடை, முதுகு வலிக்கும். குமட்டும். காரணமில்லாமல் அசதி தள்ளும். "வாயுப் பிடிப்புதானே" என்று இஞ்சிச் சாறு குடித்துவிட்டுப் படுத்துவிடாதீர்கள். உடனே 108-க்கு போன் போடுங்கள்!