விளையாட்டிலே பிடிபடும் தாளம்

பினாங்கு லிட்டில் இந்தியாவில் இசைக்குப் பஞ்சமே இல்லை. லெபோ பசாரில் கடைக்குக் கடை சினிமாப் பாட்டு. 1833இல் எழுந்த குயின் ஸ்திரீட் மகா மாரியம்மன் ஆலயத்துக்குப் போனால் நாதஸ்வரமும் தவிலும். இதைக் கேட்டுத் தலையாட்டும் பிள்ளையிடம், "தாளம் என்றால் என்ன?" என்று கேட்டால் மட்டும் திருதிருவென விழிக்கிறது! காதுக்குத் தெரிந்ததற்குப் பெயர் தெரியவில்லை. இந்த இடைவெளியை விளையாட்டால் நிரப்பலாம்.

முதல் ஆட்டம் தாளத்துக்கு. ஆதி தாளத்தில் எட்டு எண்ணிக்கை. ஒரு தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல். பிறகு தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. மாணவர்கள் வட்டமாக நின்று இதைப் போட்டபடி எண்ணிக்கைக்கு ஓர் எழுத்தாகத் 'த-க-தி-மி' சொல்வது முதல் காலம். எண்ணிக்கைக்கு இரண்டு எழுத்து வந்தால் இரண்டாம் காலம். நான்கு வந்தால் மூன்றாம் காலம். இங்கேதான் பலரும் கையையும் வேகமாக்கிவிடுகிறார்கள். கை மாறக் கூடாது, வாய்தான் மாற வேண்டும். பத்து முறை விளக்கினாலும் புரியாதது, ஒரே ஆட்டத்தில் பிடிபடும்.

இரண்டாவது ஆட்டம் சுரத்துக்கு. எட்டுப் பேர் வரிசையாக நின்று ஆளுக்கொரு சுரம் எடுத்துக்கொள்ள வேண்டும்: ச, ரி, க, ம, ப, த, நி, மேல் ச. பள்ளியில் படிக்கும் 'டோ, ரே, மி' வரிசையில் பாடினால் அது சங்கராபரணம். 'ம'வும் 'நி'யும் உட்காரட்டும். மீதிப் பேர் பாடினால் மோகனம்! சீனர்களின் நாட்டுப்புற இசையிலும் இதே ஐந்து சுரங்களைக் கேட்கலாம். பக்கத்து வீட்டு இசையும் நம் ராகமும் உறவு என்பது பிள்ளைக்குப் புரிகிறது.

உட்கார்ந்த இருவரும் சும்மா இருக்கக் கூடாது; தாளம் போட வேண்டும். 'தப்பு செய்தவர் வெளியே' என்ற விதி, அதிகப் பயிற்சி தேவைப்படும் பிள்ளையைத்தான் முதலில் வெளியே அனுப்புகிறது. படிவம் ஒன்று முதல் மூன்று வரையிலான வயதில் பையன்களுக்குக் குரல் உடைகிறது. கேலிக்குப் பயந்து பாட்டையே விட்டுவிடுகிறவர்கள் உண்டு. அவர்களுக்குக் கையில் தாளம் இருந்தால் இசை கைவிட்டுப் போகாது.

முதலில் ஆட்டம், பெயர் பிறகு. அடுத்த முறை லிட்டில் இந்தியாவுக்குப் போகும்போது, கடையில் ஒலிக்கும் பாட்டுக்குப் பிள்ளையைத் தாளம் போடச் சொல்லுங்கள். மூன்றா, நான்கா? விடையைக் கையே சொல்லிவிடும்.