எல்லை கடக்கும் சுருட்டு

யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்குச் செல்லும் வீதியில் அமைந்துள்ள ஊர் நீர்வேலி. வாழைக்குலைக்குப் பெயர்பெற்ற அவ்வூரின் செம்மண் தோட்டங்களில், கிணற்று நீர் பாய்ச்சிப் புகையிலையும் நெடுங்காலமாகப் பயிரிடப்பட்டு வந்துள்ளது. குடாநாட்டுப் புகையிலை ஒரு காலத்தில் கடல் கடந்து திருவிதாங்கூருக்குச் சென்றது. சுருட்டோ, தென்னிலங்கை நகரங்களில் யாழ்ப்பாணத்தார் நடத்திய கடைகளில் விலைபோயிற்று. இன்று இலண்டனிலும் பாரிசிலும் வாழும் முதியவர்க்கு ஊர்ச் சுருட்டு ஒரு கட்டு அனுப்ப விரும்புவோர் அஞ்சலகத்தை நாடுகின்றனர்.

அவர்கள் அறியவேண்டியது ஒன்றுண்டு. பிரித்தானியாவுக்குச் செல்லும் பதினேழு வயது நிரம்பிய பயணி, வேறு புகையிலைப் பொருள் இல்லாதவிடத்து, 50 சுருட்டுகளைத் தீர்வையின்றித் தம்முடன் கொண்டு செல்லலாம். அதே சுருட்டு அஞ்சலில் சென்றால், அன்பளிப்பாயினும் தீர்வை உண்டு. ஐரோப்பிய ஒன்றியமோ, தனியார் ஒருவர் மற்றொருவர்க்கு அனுப்பும், 45 யூரோ பெறுமதிக்கு மேற்படாத அன்பளிப்பில் 10 சுருட்டுகளுக்கு விலக்களிக்கிறது.

பயணியை அதிகாரி நேரில் விசாரிக்கலாம். பொதிக்காகப் பேசுவது அதன்மேல் ஒட்டப்படும் சுங்கப் படிவமே. பொருள், எண்ணிக்கை, எடை, பெறுமதி ஆகியவற்றை அதில் உள்ளவாறே எழுதுதல் வேண்டும். ‘அன்பளிப்பு’ என்று மட்டும் எழுதுவது போதாது. ‘இனிப்பு’ என்று எழுதுவதோ பொய்யுரையாகும். அத்தகைய பொதி பறிமுதலாகக் கூடும்.

தீர்வையைச் செலுத்துபவர் பெரும்பாலும் பெறுபவரே. அது சுருட்டின் விலையை விஞ்சுவதும் உண்டு. ஆகவே, அனுப்புமுன் அவரையே கேட்டறிதல் நன்று. கேளாது அனுப்பிய அன்பு, முதியவர் கையில் கடன்சீட்டாகச் சென்று சேரலாகாது.